நடைப் பலகை

"ஆய்வு, நிதி வாய்ப்புகள்" என்று தலைப்பிட்ட புதுச் சுற்றறிக்கையை உதவியாளர் அறிவிப்புப் பலகையில் குத்திக்கொண்டிருந்தார். அதன் கீழேயே நின்று, டாக்டரம்மா கைபேசியில் தனக்கு வந்த கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்தாள். எலும்பு முறிவு ஆய்வுக்கு அவள் கேட்ட ஓராண்டு நீட்டிப்பு கிடையாதாம். முடிவுகள் நம்பிக்கை அளிக்கின்றன, ஆனால் ஆடுகளின் எண்ணிக்கை போதாது என்று நிதி கொடுப்பவர்கள் எழுதியிருந்தார்கள். ஆறு ஆட்டுக்கு மேல் வேண்டாம் என்று முதலில் கையை விரித்தவர்களும் இவர்களேதான். சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு. அடுத்த நொடி கடிதத்தின் தேதி கண்ணில் பட, ஆய்வுக்காலம் முடிந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினாள்.

ஆறும் கால் ஒடிந்து, இனி தேறாது என்று சொந்தக்காரர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விட்டுப்போன ஆடுகள். முறிவில் அவள் தயாரித்த எலும்புப் பசையை வைத்துக் கட்டினாள். பிறகு வாரம் தவறாமல் நடைப் பரிசோதனை. பன்னிரண்டடி நீளப் பலகையின் ஒரு முனையில் ஆட்டை விட்டுவிட்டு, மறுமுனையில் கைநிறையத் தீவனத்தோடு உட்கார்ந்துகொள்வாள். நடையைப் பார்த்து ஐந்து முதல் பூஜ்யம் வரை மதிப்பெண். பூஜ்யம் வாங்கினால் நொண்டல் இல்லை என்று அர்த்தம். உலகத்திலேயே பூஜ்யம் வாங்கினால் கொண்டாடுகிற பரீட்சை இது ஒன்றுதான் என்பார் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். ஆட்டுக்குப் பெயர் வைக்கக்கூடாது, காதில் எண் மட்டும்தான் என்பது விதி. அதை மீறி நான்காம் எண்ணைக் 'கணக்கு வாத்தியார்' என்று கூப்பிடுவதும் அவர்தான். எல்லாரையும் முறைத்துப் பார்க்குமாம். மூன்று மாதமாக ஆறுமே பூஜ்யம்.

தப்பு அவளுடையது. விலங்கு நலக் குழுவுக்கு முதல் விண்ணப்பம் எழுதியபோது, அவசரத்தில் துறையின் பழைய கோப்பு ஒன்றைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்தாள். "ஆய்வு முடிந்ததும் விலங்குகள் கருணைக்கொலை செய்யப்பட்டு எலும்பு மாதிரிகள் எடுக்கப்படும்" என்ற வரியும் அதில் சேர்ந்தே வந்தது. எல்லாரும் எழுதுகிற வரி. படித்துப் பார்த்தாளா என்று கேட்டால், பார்த்தாள். முடிவு என்பது எங்கோ தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதை மாற்றுகிற படிவமும் நிரப்பிய நிலையில் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. நீட்டிப்பு வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டாள். ஆய்வுக்காலம் முடிந்து மூன்று நாளாகிறது.

குழுச் செயலாளர் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். நடக்கிற ஆய்வில்தான் திருத்தம் செய்ய முடியும், முடிந்துபோன ஆய்வில் ஒப்புக்கொண்டபடிதான் நடக்க வேண்டும், சோதனை மருந்து ஏறிய ஆட்டை வெளியே விடவும் வழியில்லை. அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"போன வாரம் கேட்டிருந்தாக்கூட ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும்மா," என்றார்.

அந்த வாக்கியம்தான் அவளைக் கொன்றது. எடுக்கப்போகிற எலும்பைச் சோதிக்கவும் இனி நிதி இல்லை. ஆறு பாட்டிலில் ஊறவைத்துச் சீட்டு ஒட்டி, ஏதோ ஓர் அலமாரியில் வைப்பார்கள். பூட்டிவிட்டுப் போவார்கள். இதற்காகவா இத்தனையும்?

அண்ணனிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் துடைப்பத்தின் குச்சிகளைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஓட்டிக்கிட்டுப் போயிடறேன் டாக்டரம்மா. நீங்க முடிஞ்சுதுன்னு எழுதிடுங்க."

"எண்ணிப் பார்க்க ஆள் வர்றாங்கண்ணே."

"ஆறும் இருக்கணுமா?"

"ஆறும்."

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலைப் பெருக்கப் போனார். அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை பத்து மணிக்கு, குழுவிலிருந்து வந்தவர் பக்கத்து அறையில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். ஊசி போட வேறு அறை காலியில்லை என்று நடைப் பரிசோதனை அறையையே ஒதுக்கியிருந்தார்கள். பலகையை நகர்த்த வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மறுமுனையில், வழக்கமான அதே முக்காலியில், ஊசித் தட்டைப் பின்னால் மறைத்து அவள் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கதவைத் திறந்தார். கணக்கு வாத்தியார் உள்ளே வந்து அவளை ஒருமுறை முறைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே பலகையில் ஏறி நடந்து வந்தது. அவள் மடியில் முகத்தை வைத்து, கையுறை போட்ட, தீவனம் இல்லாத கையை முகர்ந்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி தீவனத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அது தின்று முடிக்கும்வரை காத்திருந்தாள். நடை அட்டை பக்கத்திலேயே இருந்தது. பழக்கத்தில் கை அதை எடுத்து, தேதி போட்டு, நான்காம் எண்ணுக்கு நேராகப் பூஜ்யம் எழுதியது. அதன் பிறகே ஊசியை எடுத்தாள்.

பூஜ்யத்தின் மை காய்வதற்குள் கதவு மறுபடி திறந்தது. பலகையில் அடுத்த ஆட்டின் குளம்புச் சத்தம், நாலு காலும் ஒன்றுபோல, அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.