நடுவில் விழுந்த பள்ளம்

கமலவல்லிக்குச் சந்தேகம் வந்தது காது வழியாக. மற்ற பெண்களுக்குப் புருஷனின் சட்டைப் பையிலிருந்தும் பூ வாசனையிலிருந்தும் வருவது, அவளுக்குக் கிடார் சத்தத்திலிருந்து வந்தது.

அவள் கணவன் ஸுந்தரராஜனுக்கு ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் ஆபீஸில் கிளார்க் வேலை. மாதம் நாலைந்து நாள் கல்யாண மண்டபம், அம்மன் கோவில் கொடை விழா என்று மெல்லிசைக் குழுவோடு போய்க் கிடார் வாசிப்பான். அவனுடைய ஆம்ப்ளிஃபயர் ஒரு மரப்பெட்டி. மேலே நாலு வால்வு, கீழே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். வால்வின் கண்ணாடிக்குள் இழை சிவந்து சூடேறிய பிறகுதான் பெட்டி வாயைத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அவன் வாசித்துப் பழகும்போது, அவள் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். பத்து வருஷம் பாட்டுக் கற்ற காது.

கல்யாணமான புதிதில் அவனே சொல்லியிருந்தான். "எங்க குழுவுல பாடற வேல்சாமிக்குக் குரல் கனம், அடியில நிக்கும். அதனால கிடாருக்கு நடு சத்தம் ரொம்பி இருக்கணும். பொம்மனாட்டி பாடினா வேற மாதிரி. கிடார் நடுவுல ஒதுங்கி எடம் விடணும். ரெண்டும் ஒரே எடத்துல முட்டிண்டா கேக்கச் சகிக்காது."

இரண்டு மாதமாக அந்த நடுவைக் காணவில்லை. அடியில் தும்மென்ற முழக்கம் இருந்தது. மேலே ஊசி முனை மாதிரி ஒரு கிணுகிணுப்பும் இருந்தது. இடையில், ஒரு மனுஷர் நின்று பேசுகிற உயரத்தில், பள்ளம் விழுந்திருந்தது. யாருக்காக இந்த இடம்?

பதில் கோவில் தேர் நிற்கிற தேர்முட்டிச் சுவரில் ஒட்டியிருந்தது. மெல்லிசைக் குழுவின் சுவரொட்டி. 'புதிய பாடகி வெள்ளைத்தாய்' என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் சிரித்த முகம்.

ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவன் இப்போது எட்டு மணிக்கு வந்தான்.

"ஏன்னா, இன்னிக்கும் லேட்டா?"

"ரேடியோ ரிப்பேர் சுயம்புலிங்கம் கடைக்குப் போனேன். வால்வு மாத்தணும்."

"நாலு வால்வுக்கு மூணு வாரமா?"

"ஒனக்கு அதெல்லாம் புரியாது, விடு."

அதுதான் அவளைச் சுட்டது. கச்சேரி முடித்துப் பெட்டியோடு வருகிற நாட்களில், மூன்று மாதமாக மூத்த மகன் வீட்டிலிருந்து வந்து தங்கியிருந்த மாமியார் அரவிந்தவல்லி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "கெடா வெட்டற எடத்துக்கெல்லாம் போயிட்டு வரது. தீர்த்தம் தெளிக்காம உள்ள விடாதேடி!" அவன் கொல்லையில் கால் அலம்பிக்கொண்டிருக்கும்போது கமலவல்லி மஞ்சளும் துளசியும் போட்ட தண்ணீரைத் தெளித்துப் பெட்டியை உள்ளே நகர்த்துவாள். நகர்த்தும்போதே, இது இன்றைக்கு யார் பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்ததோ என்று தோன்றும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினாள். கடையில் அந்த வெள்ளைத்தாய் இருந்தால், அங்கிருந்தே அப்பா வீட்டுக்கு, நாங்குநேரிக்குப் போய்விடுவது. மூன்று வருஷக் கல்யாணம் அவ்வளவுதான்.

ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் செருப்புகளைத்தான் முதலில் பார்த்தாள். எல்லாம் ஆம்பிளைச் செருப்பு. உள்ளே குரல் உயர்ந்திருந்தது.

"சாமி, மூணு வாரமா போலீஸ்காரன் கணக்கா எதிர்த்தாப்புல ஒக்காந்திருக்கீரு. நேரடியாவே கேளும். திருடிட்டேங்கீரா?" அது கடைக்காரர் சுயம்புலிங்கம்.

"திருடினீர்னு சொல்லலை. போன தடவை ரிப்பேருக்கு நான் குடுத்த வால்வு இது இல்லேங்கறேன்" என்ற ஸுந்தரராஜன், வாசலில் மனைவியைக் கண்டு எழுந்துவிட்டான். "கமலா? ஆத்துல யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லே."

அவள் கண் அவனைத் தாண்டி உள்ளறைக்குப் போனது. செம்புக் கம்பிச் சுருள்களும் பிரித்துப்போட்ட ரேடியோக்களும். ஆள் இல்லை. இப்போதுதான் போயிருப்பாளோ?

"வாங்க மாமி, நீங்களே சாட்சி" என்றார் சுயம்புலிங்கம். "வால்வை மாத்துனா நடு சத்தத்துல கொஞ்சம் சதை கூடும், கொறையும். ஆளையே மாத்தாது. ஆளை மாத்துறது ஸ்பீக்கரு. இப்பப் பாருங்க." பெட்டிக்குள்ளிருந்த ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி, சுவரோரம் கிடந்த வேறொரு ஸ்பீக்கரில் மாட்டினார். "வால்வு அதேதான். மீட்டும் சாமி."

ஸுந்தரராஜன் மீட்டினான். யாரோ எதிரில் வந்து நின்று பேசுவதுபோல இருந்தது.

"வந்துடுத்து!" என்றாள் கமலவல்லி, தன்னை மறந்து.

"எது?"

"நடு."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "அது போனது ஒனக்குத் தெரியுமா?"

"ஒங்களுக்கு முன்னாடியே."

ஆனால் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறியது. "அப்போ ஸ்பீக்கரை மாத்திட்டீராக்கும்!"

சுயம்புலிங்கம் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார். ஸ்குரூ டிரைவரை எடுத்து முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றினார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முழுக்க மஞ்சள் திட்டு. நனைந்து நனைந்து காய்ந்து அலையலையாய்க் கிடந்தது. விரலால் தொட்டதும் நமத்த அப்பளமாய் அமுங்கியது. ஓரத்தில் ஒரு துளசி இலை ஒட்டியிருந்தது.

"காயிதம் வெறைப்பா இருந்தாத்தான் நடு சத்தம் எந்திரிச்சு நிக்கும். இது சோந்து போச்சு" என்றார். "சாமி, என் கடையில துளசிச் செடி கெடையாது."

கமலவல்லிக்குக் காது மடல் சூடானது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி இவர் தலையிலேயே நிற்கும்.

"நாந்தான். பெட்டி வரச்சேயெல்லாம் தீர்த்தம் தெளிச்சேன்."

"ஐயோ மாமி! உள்ள முன்னூறு வோல்ட்டு! அணைச்ச பொறவும் செத்த நேரம் தங்கி நிக்குமே!"

ஸுந்தரராஜனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "அது சரி, நீ எதுக்கு இங்க வந்தே? கையில என்ன பை?"

ஜவுளி எடுக்க வந்தேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இன்று தப்பிக்கலாம். நாளைக்கும் எட்டு மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"ஒங்களோட இன்னொருத்தி இருக்காளான்னு பாக்க வந்தேன். இருந்தா அப்படியே நாங்குநேரி போறதாத்தான் பை."

"நான் டீ சொல்லிட்டு வாரேன்" என்று சுயம்புலிங்கம் எழுந்து வெளியே போய்விட்டார்.

"யாரு? வெள்ளைத்தாயா?" அவன் முகம் வாடிப்போயிற்று. "ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கப்படாதா?"

"கேட்டேன். புரியாதுன்னேள். நீங்க மட்டும் அவர்கிட்டக் கேட்டேளாக்கும்? மூணு வாரம் எதிர்த்தாப்புல ஒக்காந்து அவர் கையைத்தானே பாத்துண்டிருந்தேள்?"

சுயம்புலிங்கம் டீயோடு திரும்பியதும் ஸுந்தரராஜன் எழுந்து நின்று, "தப்பு எம்பேர்ல. மனசுல வெச்சுக்காதேயும்" என்றான். அவர் டம்ளரை நீட்டி, "புதுக் கூம்பு ஒட்டித் தாரேன். சனிக்கிழமை வாசிச்சுப் பாத்துட்டு, பொறவு சொல்லும்" என்றார். குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது கமலவல்லி கேட்டாள். "அவ நன்னாப் பாடுவாளா?"

"பாடுவா. சனிக்கிழமை கச்சேரிக்கு நீயும் வந்து கேளேன். எனக்குக் கேக்காததெல்லாம் ஒனக்குக் கேக்கறதே."

"வரேன்." பத்தடி நடந்தாள். "பாக்கவும் நன்னா இருப்பாளோ?"

"நான் சரியாப் பாத்ததில்லே" என்றான் ஸுந்தரராஜன், அவசரமாக.

அதை மட்டும் அவள் நம்பவில்லை. சனிக்கிழமை முன்வரிசையில் இடம் பிடிக்கச் சொன்னாள்.