மூன்று அறை இதயம்

பிரெஸ்காட் தாயர் பாஸ்டனில் காலமெல்லாம் மனித இதயங்களை அறுத்துத் தைத்தவர். ஓய்வு பெற்றுக் கேப் காட் கடற்கரைக்குக் குடிவந்ததும் ஆமைக் காப்பகத்துக்கு உதவுகிறேன் என்று ஸ்டெதாஸ்கோப்பும் கையுமாக வந்து நின்றார். காப்பகத்தின் விலங்கு மருத்துவர் லொரெட்டாவுக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் அது டிசம்பர். குளிரில் விறைத்த கடலாமைகள் கரை நெடுக ஒதுங்கிக்கொண்டிருந்தன, ஆள் போதவில்லை. காலையில் வந்தவற்றில் உயிருள்ளது எது, இல்லாதது எது என்று பிரிக்கும் வேலையை அவரிடம் விட்டிருந்தாள்.

சாயங்காலம் படகுக்காரன் ஹெர்மன் வாழைப்பழப் பெட்டியில் இன்னொரு ஆமையைக் கொண்டுவந்தான். ஆமைக்குத் திடீர்ச் சூடு ஆகாது என்பதால் காரில் ஹீட்டர் போடாமல் வந்து அவனுக்குப் பல்லெல்லாம் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. தாயர் குனிந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். வைத்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"போயிருச்சு."

"அதுக்குள்ளயா? நான் இன்னும் குல்லாயே கழட்டலையே," என்றான் ஹெர்மன்.

"நான் கேட்காத இதயமாப்பா? இதுக்கு இருக்கிறதே மூணு அறை. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்து ஓடுற அரைகுறை வேலை. மீனுக்கு ரெண்டுதான். நண்டுக்கு அதுவும் இல்ல, ரத்தத்தை உடம்புக்குள்ள சும்மா கொட்டி விட்டிருக்கு. நாலு அறைன்னு ஒண்ணு வர்றதுக்குள்ள இயற்கை பட்ட பாடு இருக்கே."

"அந்த நாலு அறையோட ஒரு மணி நேரம் தண்ணிக்குள்ள இருந்து காட்டுங்க டாக்டர்," என்றாள் லொரெட்டா. "மூச்சடக்கும்போது நுரையீரலுக்குப் போற ரத்தத்தை வேற பக்கம் திருப்பி விட இதுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

ஆமையின் கழுத்தோரம் களிம்பு தடவி, துடிப்பைப் பெரிதாக்கிக் கேட்கவைக்கும் ஒலிக்கருவியின் முனையை வைத்தாள். வெறும் இரைச்சல். தாயர் கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். இரைச்சல் நீண்டுகொண்டே போனது. பிறகு, மெதுவாக, ஒரே ஒரு துடிப்பு.

லொரெட்டாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "குளிர்ல நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அடிக்கும். என்ன டாக்டர், அரைகுறை வேலை உங்களைக் கூப்பிடுது. பதில் சொல்லுங்க."

தாயர் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"காலையில செத்துப்போச்சுன்னு பிரிச்சீங்களே, அதெல்லாம் எங்க? ஒரு ராத்திரி தனியா வெச்சுப் பாக்கணும்னு சொன்னேனே."

"செத்ததை எதுக்குக் காவல் காக்கணும்னு..." என்று இழுத்தார் அவர். "உறைபெட்டியில போட்டுட்டேன்."

லொரெட்டா ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு ஆமைகள், கண்ணெல்லாம் வெண்பனி பூத்துக் கல்லாகக் கிடந்தன. ஹெர்மன் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

தாயர் மேலே கிடந்ததை இரண்டு கைகளாலும் தூக்கினார். "இதுல ஒண்ணாவது..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல டாக்டர்," என்றாள் அவள். "காலையில நீங்க சொன்னது இப்போ சரியாப் போச்சு."