ஈரத் தோலில் பார்த்த கத்தி

"கத்தி மேல ஜெர்மனின்னு போட்டிருக்கறது பொய்யா இருந்தா, அது வெட்டாதா நைனா?" என்று கன்னியப்பனின் மகள் ஒருமுறை கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தோலில் ஒட்டிய சதையைச் சீவுகிறவர் அவர். ஊரில் பலர் அவரிடம் காட்டாமல் கத்தி வாங்கமாட்டார்கள். கல்யாண வீடுகளில் சமைக்கும் விதவை முனவ்வர் பேகமும் ஜெர்மனி என்று போட்ட ஒரு கத்தியை வாங்குமுன் கொண்டுவந்து காட்டினாள். அவர் வழக்கம்போல ஈரத் தோலில் இழுத்துப் பார்த்தார், தடையில்லாமல் அறுத்துக்கொண்டு போயிற்று.

"அசல்தான் பீபிம்மா. கண்ண மூடிகினு வாங்கு."

அடுத்த நிக்காஹ் விருந்தில் ஆட்டெலும்பில் பட்டு அது உடைந்தது. சோற்றில் கலந்த சில்லு மாப்பிள்ளையின் நாக்கைக் கிழித்தது. அதன்பின் சமைக்க அவளை யாரும் கூப்பிடவில்லை. சொந்தக் கத்தி இல்லாததால் கறி நறுக்கும் கூலி வேலையும் கிடைக்கவில்லை.

கன்னியப்பன் தலைகுனிந்து நின்றபோது அவள் திட்டவில்லை. "நீ இன்னா பண்ணுவே அண்ணே? நீ பார்க்கறது எலும்பில்லாத தோலாச்சே" என்றாள்.

அந்தச் சொல் அவரை உறங்கவிடவில்லை. மூன்று மாதம் புகையிலையை விட்டுக் காசு சேர்த்தார். பிறகு வேலூரில் ஒரு கத்தியை எலும்பில் ஓங்கி ஓங்கி வெட்டிப் பார்த்தே வாங்கினார்.

அவள் தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், அதைத் துணியில் சுற்றி அவள் வீட்டுச் சன்னலில் வைத்தார். தெருவில் ஒருவரும் இல்லை. கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று ஷாப்புக்கு நடந்தார்.