தொடர்ந்து

கப்பல் மறுபடியும் ஊதியது. வாசலில் குந்தியிருந்த நாட்கூலிகளில் ஒருவன் சங்கக் கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் முடியலியா காக்கா? கைச்சாத்துப் போடாம மூட்டையில கைவைக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டு, நீங்க ஆற அமர இருந்து படிக்கிறீங்க!"

"பொறுடா தம்பி," என்றான் நாட்கூலிகளுக்கெல்லாம் காக்காவான, மூத்த அண்ணனான ஸெய்னுதீன், தலையை நிமிர்த்தாமல்.

நாட்கூலிகளை நிரந்தரமாக்கக் கொம்பனியுடன் பேசி முடித்த ஒப்பந்தத்தின் பழைய பிரதி அவன் மடியில் கிடந்தது. கொம்பனி காலையில் அனுப்பிய புதுப் பிரதி இராசமலரின் கையில். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருப்பதாகத் துரைமார் சொல்லியனுப்பியிருந்தார்கள். துரைமாரை நம்பிக் கெட்டவர்கள் துறைமுகத்தில் ஏராளம். அதனால் சங்கச் செயலாளர் கனகசுந்தரம், டைப் அடிக்கும் இராசமலரைப் புதியதை உரக்க வாசிக்கச் சொன்னார். நாட்கூலிகளுக்குள் வாசிக்கத் தெரிந்த ஸெய்னுதீன் பழையதில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும்.

விரல் ஒழுங்காகத்தான் போனது. மனந்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. வேலை நிரந்தரமானால் விடியற்காலையில் துறைமுகக் கேற்றடியில் நின்று கங்காணியின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. கப்பல் வராத மாதத்திலும் உலை வைக்கலாம். ஊரில், கிண்ணியாவில், மனைவி ஜெஸீமாவிடம் இதைச் சொல்லியும் விட்டான், அவசரக்காரன்.

இராசமலர் முன்பு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைத்தவள். இடையில் தடங்கல் வந்தால் "தொடர்ந்து" என்று சொல்லிவிட்டுத்தான் விட்ட இடத்தைப் பிடிப்பாள். முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சொல் காதில் விழுவதே நின்றுபோனது.

"நாட்கூலியாக மூன்று வருடம்..."

கப்பல் நீளமாக ஊதியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"தொடர்ந்து வேலை செய்தவர்கள் நிரந்தரமாக்கப்படுவர்."

அவன் விரல் 'வேலை'யில் இருந்தது. "சரி தங்கச்சி, மறுகா?"

கடைசி வரிவரை ஒரு மாற்றமும் அகப்படவில்லை. கனகசுந்தரம் கையொப்பமிட்டார். ஆட்கள் கூச்சலிட்டுக்கொண்டே ஓடி, கப்பலுக்குப் போகும் வத்தைப் படகுகளில் ஏறினார்கள்.

அடுத்த மாதம் கேற்றில் அறிவித்தல் ஒட்டினார்கள். நாட்கூலிகளில் தகுதியானவர் எவருமில்லை என்றிருந்தது. ஸெய்னுதீன் கிளாக்கர் இருக்கும் கொம்பனிக் கந்தோர் ஜன்னலுக்கு ஓடினான்.

"ஏழு வருஷமா வாறன் ஐயா!"

"வந்தனீர். போன வாடை மழைக்கு ரெண்டு மாசம் வரேல்லையே," என்றார் கிளாக்கர்.

"கப்பல் வரல்ல. நீங்கதானே எங்களை ஊட்டுக்குப் போகச் சொன்னீங்க?"

கிளாக்கர் ஒப்பந்தத்தை அவன் பக்கம் திருப்பி, ஒரு சொல்லின் கீழ் பேனையை வைத்தார். "தொடர்ந்து எண்டு கிடக்கு. நடுவில விட்டா அது தொடர்ந்து இல்லை."

அந்தச் சொல் அவனுக்கு இராசமலரின் குரலிலேயே கேட்டது. பழைய பிரதியில் அது இருக்கவில்லை. பாவம், அவள் அந்தமுறை வழக்கத்துக்குச் சொல்லவில்லை, தாளில் உள்ளதைத்தான் வாசித்தாள். வந்த ஆத்திரமெல்லாம் தன் விரல் மேலேயே வந்தது.

திரும்பியபோது நாட்கூலிகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன காக்கா, பேப்பர்ல அப்பிடி என்னதான் எழுதிக் கிடக்கு?"

"தொடர்ந்து," என்றான் ஸெய்னுதீன்.

மீதியையும் சொல்வான் என்று அவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.