பதினொரு விநாடி

பதினான்கு வருடமாகத் துணை விமானி அவள். சக ஊழியர்களுக்கெல்லாம் அக்கா. பக்கத்து இருக்கையில் இருந்த கேப்டன் அவளைவிட எட்டு வயது இளையவன். அவனுக்குப் பதவி உயர்வு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதே பதவிக்கான நேர்காணலில் அவளிடம், "நீங்க எல்லாத்துலயும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிறீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து வாயை அடக்கப் பழகியிருந்தாள்.

காலை எட்டு மணி. விமானம் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கேப்டன் பக்கத்து வேகமானியில் எண் கூடிக்கொண்டே போனது. எச்சரிக்கை ஒலி, தகரத்தில் சரளைக்கல் கொட்டுவதுபோல் அடித்தது.

"ஸ்பீடு ஓவரா போகுது மேடம்," என்று அவன் வேகத்தைக் குறைக்க விமானத்தின் மூக்கைத் தூக்கினான்.

அவள் பக்கத்து மானியிலோ வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த மூன்றாவதும் அதையே காட்டியது. பொய் சொல்வது அவனுடைய மானி. இன்னும் தூக்கினால் இறக்கைகள் காற்றை இழந்து விமானம் கல்லாக விழும்.

"கேப்டன், மூணாவதைக் கொஞ்சம் பாருங்களேன்," என்றாள்.

அவன் பார்க்கவில்லை. தன் மானியையே வெறித்திருந்தான். அவள் கை, விமானத்தை இயக்கும் கைப்பிடிக்கு அருகே போய், தொடாமல் நின்றது.

கைப்பிடிகள் இரண்டும் தாமாகவே உதறத் தொடங்கின. விழப்போகிறோம் என்று விமானம் சொல்லும் விதம் அது.

"கண்ட்ரோல் என்கிட்ட. கையை எடுங்க."

எடுத்தான். அவள் மூக்கைத் தாழ்த்தினாள். கதவுக்குப் பின்னால் அலறல் கேட்டது. உதறல் அடங்கியது.

"செக்லிஸ்ட்டைப் படிங்க, கேப்டன்."

வரிவரியாகப் படித்தான். நாற்பது நிமிடத்தில் இறங்கினார்கள். வேகத்தை அளக்கும் குழாயிலிருந்து பொறியாளர் ஒரு துளி மண்ணை நகத்தால் கிள்ளி எடுத்துக் காட்டினார்.

"குளவிக்கூடு. ரெண்டு நாள் சும்மா நின்ன விமானம்ல."

'துணை விமானி உடனடியாகக் கட்டுப்பாட்டை எடுத்தார்' என்று கேப்டன் அறிக்கை எழுதினான்.

"உடனடியா இல்ல, கேப்டன்."

"எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, மேடம். நீங்க இல்லன்னா..."

மறுவாரம் விசாரணை அதிகாரி ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்தச் சொல்வதுபோல் அவள் குரல்: "கொஞ்சம் பாருங்களேன்." பிறகு பதினொரு விநாடி பேச்சில்லை. சரளைக்கல் சத்தத்துக்கு அடியில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பயந்துட்டார் போல, பாவம்," என்றாள்.

"அது உங்க மைக்கும்மா," என்றார் அதிகாரி. "பதினொரு விநாடி ஒண்ணும் தப்பில்ல. எல்லாரும் பொழச்சாச்சு."

குற்றமில்லை என்று கடிதம் வந்தது. அவள் மறுபடி பறக்கப் போனாள். கை தவறவில்லை. வீட்டில்தான் அந்த மூச்சு வந்தது. குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, காதுக்கு மிக அருகில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவன் குளியலறை வாசலில் வந்து நின்றான். வாளி நிரம்பித் தண்ணீர் அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்க்கு ஒரு சாண் தள்ளி அவள் கை நின்றிருந்தது.

"எத்தனை தடவை கூப்பிடறது? வழியறது தெரியலையா?"

"தெரியுது," என்றாள். "பாத்துட்டுதான் இருக்கேன்."

அவன் உள்ளே வந்து குழாயை மூடினான்.