பியற்றிஸ் சொன்ன ஊதா

"பர்பிள் எண்டு சொல்லு, பியற்றிஸ். ரெண்டு உதட்டையும் மூடித் திற..."

"அதைத்தானே அப்பவிருந்து சொல்லுறன், பர்ஃ..."

"பல்லு உதட்டிலை படக்கூடாது!"

"உதட்டை மூடிக்கொண்டு எப்பிடியப்பா கதைக்கிறது? பர்ஃபிள். பர்ஃபிள். சரியோ?"

சரியில்லை. முதல் முறைக்கு மேசை விரிப்பின் நாலு ஓரத்திலும் விரல் நீளக் குஞ்சம் இறங்கியது. இரண்டாவது முறைக்குக் கணவர் கஸ்பரின் வேலைக் காற்சட்டையிலும் இறங்கியது. 1987ஆம் ஆண்டுத் தவக்காலம். லண்டன் எட்மண்டனில் கோழிப்பொரியல் கடைக்கு மேலிருந்த அந்த வீட்டுக்குக் குஞ்சம் புதிதல்ல. திரைச்சீலைக்கும் துவாய்க்கும் ஏற்கெனவே இருந்தது.

மன்னாரிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தில் பியற்றிஸ் மீன்கடையில் 'ஃபைவ் ஃபிஷ்' என்பதற்கு 'பைவ் பிஷ்' என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தவள், கண்ணாடிக்கு முன்னால் நின்று மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதப் பழகினாள். பழகிய பிறகு அந்த ஓசையை அது வேண்டாத சொற்களுக்கும் கொடுத்தாள். ஃபொட்டேற்றோ என்றாள், ஃபோஸ்ற் ஒஃபிஸ் என்றாள். அவற்றால் ஒன்றும் நடக்கவில்லை. பர்ஃபிள் என்று சொல்லி ஊதா நிறக் கம்பளி நூல் கேட்ட அன்று மட்டும் கடைக்காரியின் சட்டைக் கையில் குஞ்சம் முளைத்தது. கடைக்காரி அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு நூலைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

இதைக் கேள்விப்பட்ட பங்குச் சுவாமியாரான கிழ ஐரிஷ்காரர் தடித்த அகராதியொன்றில் தேடிப் பார்த்தார். பர்ஃபிள் என்று ஒரு பழைய ஆங்கிலச் சொல் இருந்தது. உடுப்பின் ஓரத்தைக் குஞ்சமும் தையலும் வைத்து அலங்கரிப்பது என்று பொருள். அதன் உறவுக்காரர்களாக பிஃப்ரிஞ்ச், ஃபிம்பிரியேற் என்று இன்னும் இரண்டு சொற்கள் கிடைத்தன. சுவாமியார் மூன்றையும் தன் கைக்குட்டையைப் பார்த்து உரக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. பல நூறு வருடமாக ஒருவரும் கூப்பிடாத சொல், வேறு எதையோ கேட்டு வந்தவளுக்குத்தான் எழும்பி வருகிறது என்று முடிவுகட்டி, பெரிய வெள்ளியன்று யேசுவின் பாடுகளை வாசிக்கும்படி அவளைக் கேட்டார். அந்தக் கோவிலில் தமிழ் ஆட்கள் யாரும் அதுவரை வாசிக்க ஏறியதில்லை. அந்த வாசகத்தில், சேவகர்கள் யேசுவுக்கு ஊதா அங்கி உடுத்துகிற இடம் ஒன்று வரும். வீட்டில் சண்டை அதனால்தான்.

"வேறை ஆரிட்டையேன் குடுக்கச் சொல்லு," என்றார் கஸ்பர். "சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமன்."

"மீன்கடையாலை நீ வந்த கோலத்தைப் பாத்தவன் நான். இன்னொருக்காச் சிரிச்சால் நீ பிறகு வாயே திறக்கமாட்டாய்."

"இப்ப மட்டும் திறக்கிறனோ? பஸ்ஸிலை பெல் அடிச்சு இறங்கிறன், கடையிலை விரலாலை காட்டிறன். ஊமைச்சி எண்டு நினைச்சிருப்பினம். நான் வாசிக்கப்போறன்."

கஸ்பர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய்க் கடைசி வாங்கில், கதவோரம் இருந்தார். உடனே கூட்டிக்கொண்டு வெளியேற வசதியாக அவளுடைய கோட்டை மடியில் வைத்திருந்தார். பியற்றிஸ் நிதானமாக வாசித்தாள். அந்த இடம் வந்தது. பல் உதட்டுக்குப் போனது. சுவாமியாரின் சிவப்பு உடையிலும், மடக்கி வைத்த குடைகளிலும், ஒரு குழந்தையின் தொப்பியிலும் குஞ்சம் இறங்கியது. சுரூபங்களை மூடியிருந்த துணிகளில் அது தரைவரை தொங்கியது. யாரோ இருமினார்கள். முன்வாங்கில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி தன் சாம்பல் கோட்டின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அதை முழங்காலில் ஒழுங்காகப் பரப்பி வைத்துவிட்டு, மேலே வாசிக்கும்படி தலையசைத்தாள். பியற்றிஸ் கல்லறைவரை வாசித்து முடித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம், கலியாணம் நிச்சயமான டொலறஸ் என்ற பெண் தன் மணமுக்காட்டிலும் குஞ்சம் இறங்கட்டும் என்று அதை மடியில் விரித்துக்கொண்டு வந்து இருந்தாள். அதற்குப் பிறகு, பெரிய வெள்ளிக்குச் சனம் ஓரம் தேய்ந்த உடுப்புகளாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தது. குஞ்சம் பிடிக்காதவர்கள் மேல்மாடத்தில் இருந்தார்கள், அங்கே அது ஏறுவதில்லை. பியற்றிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைகளை ஆங்கிலத்தில் அதட்டினாள். கஸ்பர் திருத்துவதை விட்டுவிட்டார். வாங்கு வாங்காக முன்னேறி, 1993இல் முதல் வரிசைக்கு வந்து சேர்ந்தார்.

1996இல் கிழவருக்குப் பதிலாக இளம் சுவாமியார் ஒருவர் புதிய வாசகப் புத்தகத்தோடு வந்தார். அதில் அந்த இடத்தில் 'அரச அங்கி' என்று மட்டும் இருந்தது. பியற்றிஸ் அச்சிட்டபடியே வாசித்தாள். எதிலும் ஒன்றும் இறங்கவில்லை. சனம் தங்கள் கோட்டு விளிம்புகளைப் பார்த்தது, பிறகு சுவாமியாரைப் பார்த்தது. கோவிலுக்குள் ஒருநாளும் வாய் திறக்காத கஸ்பர் எழும்பி நின்றார். அவசரத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது. ஆனாலும் பின்னால் இருந்த ஆங்கிலேயர்கள் வரிசையாகத் தலையாட்டினார்கள்.

"ஃபாதர், என்ரை மனிசியின்ரை சொல்லை எங்கை கொண்டுபோய் வைச்சிருக்கிறியள்?"