மெழுகு வைக்காத குழாய்

சோதனைக்கூடத்துக்கு வந்த மண் மாதிரிக் குழாயைத் தூக்கிப் பார்த்தேன். ஈரம் போகாமல் இரண்டு முனையையும் அடைக்கும் மெழுகு இல்லை. ஈரக் களிமண் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல்லாய் ஒன்று காய்ந்து கிடந்தது. மூன்று நாள் லாரியில் வெயில் தின்றிருக்கிறது. தோண்டி எடுத்தவன் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன்.

இருந்தும் அந்த மண்ணை இயந்திரத்தின் பெட்டிக்குள் வைத்துச் சோதித்தேன். மேல் பாதியை நிறுத்திவைத்துக் கீழ்ப் பாதியை இயந்திரம் தள்ளும். மண் எவ்வளவு தாங்கி அறுபடுகிறது என்று முள் காட்டும். முள் ஏறிக்கொண்டே போனது. அதே சரிவில் பக்கத்துக் குழியில் எடுத்த ஈரமண்ணைவிட மூன்று மடங்கு! அந்தச் சரிவுக்குக் கீழேதான் குழந்தைகள் காப்பகம் வருகிறது. மண்ணைத் தடுக்கும் சுவரை இந்த எண்ணை நம்பித்தான் கட்டுவார்கள்.

மேலாளருக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்! சுவர் மெல்லிசா இருந்தாலே போதும். கையெழுத்துப் போடும்மா."

"இது காஞ்ச மண்ணு சார். புதுசா எடுக்கணும்."

"வந்ததை வந்தபடி சோதிக்கிறதுதான் உன் வேலை. காஞ்சதுன்னு எழுதினா உங்க அண்ணன் வேலைதான் போகும். யோசிச்சுக்கோ."

முழுப் பூசணிக்காயை என் கையாலேயே சோற்றில் மறைக்கச் சொல்கிறார்! குழாயோடு லாரியில் வந்திருந்த அண்ணன் கதவோரம் நெளிந்தான்.

"மெழுகு தீந்துபோச்சு. வாங்கப் போனா அரை நாள் ஆகும்னு விட்டுட்டேன். ஒரே ஒரு குழாய்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுபட்ட பாதியை எடுத்து, தண்ணீர் இருந்த கண்ணாடி டம்ளரில் போட்டேன். ஓரமெல்லாம் குமிழ் விட்டது. பிறகு பொலபொலவென்று உதிர்ந்தது. பத்து நிமிடத்தில் டம்ளரில் சேறுதான் மிச்சம்.

"ஒரு மழை பெஞ்சா உங்க பிரமாதம் இதுதான் சார்."

"டம்ளர்ல போடுறதெல்லாம் ஒரு சோதனையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலாளர் வெளியே போனார்.

அறிக்கையை இழுத்து, 'மண் காய்ந்திருந்தது, முடிவு செல்லாது' என்று எழுதினேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. 'எடுத்தவர்' என்ற கட்டத்தில் அண்ணன் பெயர். ஒரு நகலைச் சுவர் வரையும் பொறியாளருக்கு அப்போதே அனுப்பிவிட்டேன். சோம்பேறிப் பயல், என்னை இதை எழுத வைத்துவிட்டானே என்று அழுகை வந்தது.

அண்ணன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் வேலை போச்சுன்னா அம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"மெழுகு வைக்கலன்னு சொல்லுவேன்."